பதினோரு விநாடிக் கருத்து

படம் முடிந்து வெளியே வருகிறவனிடம் மைக்கை நீட்டினால் என்ன சொல்வான் என்று எனக்கு முன்கூட்டியே தெரியும். பத்துப் பேரில் ஏழு பேர் 'வேற லெவல்' என்பார்கள். இரண்டு பேர் ஹீரோ பேரைச் சொல்லிக் கத்திவிட்டு ஓடுவார்கள். மிச்சம் ஒருவன் கேமராவைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டு நழுவுவான். உடம்பு சரியில்லை என்று மில்லில் லீவு சொல்லிவிட்டு வந்தவனாக இருக்கும். கல்யாண வீடியோ எடுத்துக்கொண்டிருந்த நான், அதில் வருமானம் குறைந்ததும் ராஜபாளையத்தில் இந்த 'மக்கள் கருத்து' சேனலைத் தொடங்கினேன். கருத்து என்று ஒன்று கிடைப்பது அபூர்வம் என்பதை முதல் மாசத்திலேயே தெரிந்துகொண்டேன்.

அப்படி அபூர்வமாகக் கருத்து சொல்கிற ஒரே ஆள் என் கூட்டாளிதான். பாலிடெக்னிக்கில் ஒரே பெஞ்ச். ஸ்ரீவில்லிபுத்தூரில் மைக் செட் கடை வைத்திருக்கிறான். நான் அவனை மாப்ள என்பேன், அவனும் என்னை மாப்ள என்பான். இதில் யார் மாமன் என்று இருபது வருஷமாக முடிவாகவில்லை. அவன் முஸ்லிம். இதைத் தனியாக எடுத்துச் சொல்ல வேண்டிய தேவை எனக்கு முன்னால் வந்ததே கிடையாது.

வத்திராயிருப்புப் பக்கம் கான்சாபுரம், மகாராஜபுரம் என்று எந்த ஊரில் அம்மனுக்குப் பொங்கல் வைத்தாலும் குழாய் ஸ்பீக்கர் கட்டுவது இவன்தான். காப்புக் கட்டுகிற அன்றைக்கு வண்டியில் ஸ்பீக்கர் பெட்டிகளை ஏற்றிக்கொண்டு போனால் மஞ்சள் நீராட்டு முடிந்துதான் வீடு திரும்புவான். எந்தச் சாமி புறப்படும்போது எந்தப் பாட்டுப் போட வேண்டும் என்று பூசாரிக்கு மறந்தாலும் இவனுக்கு மறக்காது. கான்சாபுரம் அவனுக்கு முதல் ஊர். அவன் அத்தா மாட்டு வண்டியில் பெட்டி கொண்டுபோன காலத்திலிருந்து அந்த ஊர்ப் பொங்கல் அவர்கள் வீட்டுப் பொறுப்பு.

வெள்ளிக்கிழமை புதுப்படம் வந்தால் காலை முதல் காட்சிக்கு பைக்கை எடுத்துக்கொண்டு வந்துவிடுவான். படம் முடிந்ததும் என் மைக்கில் முதல் ஆளாகப் பேசுவான். ஒருவன் வாயைத் திறந்தால்தான் கூட்டம் கூடும், கூட்டம் கூடினால்தான் மற்றவர்களும் பேசுவார்கள். பேசிவிட்டு, நான் லேப்டாப்பில் வெட்டி ஒட்டும்போது பக்கத்தில் உட்கார்ந்து 'இதை வை, அதைத் தூக்கு' என்று உயிரை எடுப்பான். பிறகு ஜும்மா தொழுகைக்குப் போவான். அய்யனார் கோவில் ஆற்றில் தண்ணீர் விழுகிற மாசங்களில் தொழுகை முடித்துத் திரும்பி வந்து, இருவருமாகக் குளிக்கக் கிளம்புவோம். வாரத்தில் எனக்கு உருப்படியான நாள் அது ஒன்றுதான்.

போன மாசியில் அந்தப் படம் வந்தது. கோயில் தேரோட்டத்தில் குண்டு வைக்க ஒரு கும்பல் திட்டம் போடுகிறது. ஒரு போலீஸ் அதிகாரி கடைசி நிமிஷத்தில் தடுத்துவிடுகிறார். அவ்வளவுதான் கதை. குண்டை எங்கே வைக்கிறார்கள் என்றால், ரத வீதியில் கட்டியிருக்கிற ஸ்பீக்கர் பெட்டிக்குள்.

பெட்டியைத் திரையில் பார்த்ததுமே இவன் சிரிக்க ஆரம்பித்துவிட்டான். "ஏலே, அந்தப் பெட்டியப் பாரு, பின்பக்கம் போல்ட்டே இல்ல. தெர்மாகோல்ல செஞ்சிருக்கான்." எனக்கும் சிரிப்பு. பிறகு, குண்டு வைக்கப் போகிறவன் மொட்டை மாடியில் தொழுகிற காட்சி வந்தது. பொறுமையாக எடுத்திருந்தார்கள். கைகளைக் கழுவுவது, முழங்காலை மடக்குவது, நெற்றி தரையில் படுவது எல்லாம் பக்கத்தில் போய்க் காட்டினார்கள். பின்னணியில் திகில் இசை. பின் வரிசையிலிருந்து எவனோ ஒருவன் ஒரு வார்த்தை சொல்லிக் கத்தினான். அதை இங்கே எழுத மாட்டேன். தியேட்டரே சிரித்தது. என் கூட்டாளி அதற்குப் பிறகு இடைவேளைக்குக்கூட எழுந்திருக்கவில்லை.

வெளியே வந்ததும் மைக்கைப் பிடித்தேன். அன்றைக்கு நல்ல கூட்டம். காதைப் பொத்திக்கொண்டே வந்த ஒரு பெரியவர், "ஏமி சவுண்டுரா நாயனா" என்று தெலுங்கில் அலுத்துக்கொண்டு போனார். நெற்றி நிறையச் சந்தனமும் குங்குமமும் வைத்திருந்த ஒரு நடுவயசுக்காரர் கையை விரித்துச் சொன்னார்: "கடைசில வெடிக்கும் வெடிக்கும்னு ஆசையா உக்காந்திருந்தேன் தம்பி. வெடிக்கல. சப்புன்னு போயிருச்சு. ஒரு ரெண்டு பெட்டியாவது வெடிச்சிருக்கலாம்." சுற்றி நின்றவர்கள் கைதட்டினார்கள், நானும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். அந்த வீடியோ இன்னும் என் சேனலில் இருக்கிறது. அவர் யார், எந்தத் தெரு, வீட்டில் என்ன வைத்திருக்கிறார் என்று இதுவரை ஒருத்தரும் கேட்கவில்லை.

அன்றைக்கும் முதல் ஆளாகப் பேசியது என் கூட்டாளிதான். அவன் சொன்னதை வார்த்தை பிசகாமல் எழுதுகிறேன், எத்தனை தடவை கேட்டிருக்கிறேன் என்பதற்குக் கணக்கே இல்லை.

"ஸ்பீக்கர் பெட்டிக்குள்ள குண்டு எப்படி வைக்கணும்னு டைரக்டருக்குத் தெரியல. அவரு காட்டுன மாதிரி வச்சா பெட்டி பாடாது, செத்த நேரத்துல மாட்டிக்கிடுவான். எங்கிட்ட கேட்டிருந்தா நானே சொல்லிக் குடுத்திருப்பேன்." இங்கே சிரித்தான். பிறகு சிரிப்பு நின்றது. "வெளையாட்டு இருக்கட்டும். நான் பதினெட்டு வருசமா கோயில் கோயிலாப் பெட்டி கட்டுதேன். அதத் தொறந்தா தூசியும் பல்லி முட்டையும்தான் இருக்கும். படத்துல அவன் தொழுதுட்டு வந்து குண்டு வைக்கான். நானும் தொழுதுட்டுத்தான் கான்சாபுரத்துல போய்ப் பெட்டி கட்டுதேன். இதப் பாத்துட்டுப் போற சனம் நாளைக்கு என் பெட்டியப் பாத்தா என்ன நெனைக்கும்? படம் எடுக்கவிய அத ஒரு நிமிசம் யோசிச்சிருக்கலாம். எனக்கு அது ஒண்ணுதான் பயமா இருக்கு."

அவன் பேசி முடித்ததும் கடியாரத்தைப் பார்த்தான். படம் நீளம்; தொழுகைக்கு நேரமாகிவிட்டது. "எடிட்டுக்கு இருக்க முடியாது, நீ பாத்துக்கோ மாப்ள, வாரேன்" என்று பைக்கைக் கிளப்பினான்.

நான் பார்த்துக்கொண்டேன். என் தொழிலில் ஒரு முறை இருக்கிறது. போனில் வீடியோ பார்க்கிறவனின் கட்டைவிரல் எப்போதும் அடுத்ததற்குத் தள்ளத் தயாராக இருக்கும். அதை நிறுத்துகிற மாதிரி ஒரு பேச்சு முதலில் வர வேண்டும். அதை மட்டும் தனியாக வெட்டிக் குட்டி வீடியோவாகவும் போட வேண்டும். அதைப் பார்த்துத்தான் பெரிய வீடியோவுக்கு ஆள் வரும். அவன் பேச்சில் முதல் பதினோரு விநாடியை வெட்டினேன். 'சொல்லிக் குடுத்திருப்பேன்' என்று சிரிக்கிற இடத்தில் நிறுத்தினேன். 'குண்டு வைக்கத் தெரியல! மைக் செட் பாய் கலாய்!' என்று தலைப்புப் போட்டேன். தட்டச்சு செய்தபோது சிரித்துக்கொண்டிருந்தேன் என்பதும் ஞாபகம் இருக்கிறது.

பெரிய வீடியோவிலும் அவன் பயந்த பகுதியை வைக்கவில்லை. நீளமாக இருக்கிறது, படத்தின் வேகத்துக்கு ஒட்டவில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது பொய். அந்தப் பேச்சைப் போட்டால் கமெண்டில் மதச் சண்டை வரும், விளம்பரம் கொடுக்கிற ஜவுளிக்கடைக்காரர் முகம் சுளிப்பார், எதற்கு வம்பு என்றுதான் எடுத்தேன். வம்பே இல்லாத பாதியைத் தூக்கி எறிந்துவிட்டு வம்பான பாதியை ஊருக்குக் கொடுத்தேன். என் புத்தி அவ்வளவுதான்.

சனிக்கிழமை காலையில் அவனே போன் பண்ணினான். "ஏலே, எங்க பாத்தாலும் நான்தான் இருக்கேன். டீக்கடையில காசு வாங்க மாட்டேங்கான்." ஞாயிற்றுக்கிழமை வேறொரு வீடியோ வந்தது. யாரோ என் பதினோரு விநாடியை எடுத்து, ஒரு பாதியில் படத்து வில்லன் முகம், மறு பாதியில் இவன் முகம், கீழே படத்தின் திகில் இசை என்று செய்திருந்தார்கள். 'நம்ம கோயில்ல பெட்டி கட்டுறது யாருன்னு தெரியுமா?' என்று சிவப்பு எழுத்து. ஊர்க் குழுக்களில் எல்லாம் அதுதான் ஓடியது. என் மச்சினன் எனக்கே அனுப்பினான், அது என் வீடியோ என்று தெரியாமல்.

உடனே என்னுடையதை எடுத்துவிட்டேன். எடுத்து என்ன? அதற்குள் அது ஊர்ப் போன்களில் எல்லாம் புகுந்துவிட்டது. அவன் பேசியதை ஆரம்பத்திலிருந்து கடைசி வரை அப்படியே ஏற்றினேன். அதை யாரும் பார்க்கவில்லை. பார்த்த சிலரும் 'மாட்டினதும் சமாளிக்கிறான்' என்று எழுதினார்கள். வெட்டியது நான், அவன் அன்றைக்கே முழுசாகப் பேசினான் என்று ஒரு வரி நான் அங்கே எழுதியிருக்கலாம். பேச்சை வெட்டித் திரிக்கிறவன் என்று பேர் வந்தால் பிறகு எவன் என் மைக்குக்கு முன்னால் நிற்பான் என்று யோசித்தேன். ஒரு வாரத்தில் அடங்கிவிடும், இன்னொரு படம் வரும், ஊர் மறந்துவிடும் என்று சும்மா இருந்துவிட்டேன்.

மகாராஜபுரத்திலிருந்து அவனுக்கு முதல் போன் வந்தது. இந்த வருஷம் மைக் செட் வேண்டாம், உள்ளூர்ப் பையன்களே பார்த்துக்கொள்கிறார்களாம். அடுத்த வாரத்தில் இன்னும் இரண்டு ஊர். யாரும் அவனைத் திட்டவில்லை, காரணமும் சொல்லவில்லை. "நல்லா மரியாதையாத்தான் பேசுதாக மாப்ள, அதான் கஷ்டமா இருக்கு" என்றான். அவன் கடைக்குப் போயிருந்தேன். பங்குனி நெருங்குகிற நேரத்தில் காலியாகக் கிடக்க வேண்டிய கடையில், பெட்டிகள் கூரை வரை அடுக்கியபடியே இருந்தன. கான்சாபுரத்திலிருந்து மட்டும் இன்னும் போன் வரவில்லை. வேண்டும் என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

"எது போனாலும் கான்சாபுரம் போயிரக் கூடாது" என்றான். "அங்க போகலைன்னா அத்தா மொகத்துல எப்படி முழிக்கது?" அவன் அத்தா பக்கவாதம் வந்து இரண்டு வருஷமாகக் கட்டிலில் கிடக்கிறார். காப்புக் கட்டு எப்போது என்று தினமும் கேட்கிறாராம்.

"வா, நேர்ல போவோம். நான் பேசுதேன்" என்றேன். அவன் முகம் மலர்ந்ததைப் பார்த்தபோது எனக்கே என் மேல் மரியாதை வந்தது. நான்தான் வெட்டினேன் என்று கோயில் கமிட்டித் தலைவர் முன்னால் சொல்லிவிடுவது என்று முடிவு செய்திருந்தேன். அவன் பைக்கில் பின்னால் உட்கார்ந்து, வத்திராயிருப்பு தாண்டும் வரை மனசுக்குள் ஒத்திகை பார்த்தேன்.

கமிட்டித் தலைவர் அறுபது தாண்டிய விவசாயி. கோயில் வேப்ப மரத்தடியில் நாற்காலி போட்டு உட்கார வைத்து, கலர் வாங்கிவரச் சொன்னார். என்னைப் பார்த்ததும் அவர் கண் விரிந்தது. "நீங்கதான அந்த மைக்கப் புடிச்சுக் கேக்குற தம்பி? எம் பேத்தி ஒங்களத்தான் விடாமப் பாக்கா. ஒரு போட்டோ எடுத்துக்கிடலாமா?" எடுத்துக்கொண்டோம். தோளில் கை போட்டார். ஒத்திகை பார்த்த பேச்சு அப்போதே தொண்டைக்குக் கீழே இறங்கிவிட்டது.

பிறகு விஷயத்துக்கு வந்தார். "பாய நான் தப்பா நெனைக்கலப்பா. அவுக அத்தா காலத்துல இருந்து பாத்துக்கிட்டிருக்கேன். ஆனா எளவட்டப் பயலுக அந்த வீடியோவக் காட்டிக் காட்டிப் பேசுதானுக. சாமி புறப்படுற எடத்துல நாளைக்கு ஒரு பட்டாசு வெடிச்சாக்கூட சனம் செதறி ஓடும். நான் என்ன பதில் சொல்லுவேன்?"

என் கூட்டாளி என்னைப் பார்த்தான். இப்போது நான் பேச வேண்டும்.

"வெளையாட்டுக்கு ஏதோ வாய் தவறிப் பேசிட்டான்யா" என்றேன். "மனசுல ஒண்ணும் கிடையாது. வேணும்னா இங்கனயே ஒரு மன்னிப்பு வீடியோ எடுத்துப் போட்டுருவோம். எல்லாம் அடங்கிரும்."

அப்படித்தான் சொன்னேன். அந்த யோசனையை வேறு யாரும் கேட்கவில்லை, நானாகத்தான் சொன்னேன். தலைவருக்குப் பரம திருப்தி. என் கூட்டாளி கையில் இருந்த கலர் பாட்டிலைக் கீழே வைத்தான். பிறகு எழுந்து சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு, "எங்க நிக்கணும் மாப்ள?" என்று கேட்டான்.

கோயில் கோபுரம் பின்னால் தெரிகிற மாதிரி நிற்க வைத்தேன். வெயில் முகத்தில் விழாமல் தள்ளி நிற்கச் சொன்னேன். அவன் சொன்னான்: "அன்னைக்குப் படம் பாத்துட்டு நான் பேசுனது தப்பு. வெளையாட்டாப் பேசுனாலும் தப்புதான். நல்ல படம், எல்லாரும் பாருங்க. யாரு மனசாவது நொந்திருந்தா மன்னிச்சிருங்க." பாதியில் ஒரு டிராக்டர் போனது. சத்தம் விழுந்துவிட்டதால் இன்னொரு தடவை சொல்லச் சொன்னேன். சொன்னான். என் நண்பனை ஒரு தப்பும் செய்யாததற்கு இரண்டு தடவை மன்னிப்புக் கேட்க வைத்தேன், சத்தம் சுத்தமாக வர வேண்டும் என்பதற்காக.

தலைவர் அவன் கையைப் பிடித்துக்கொண்டார். "பெருந்தன்மை பாய். இது போதும். இந்த வருசம் வேற செட்டுக்குச் சொல்லிட்டோம், மாத்த முடியாது. அடுத்த வருசம் பாப்போம்." அதே மூச்சில் என் பக்கம் திரும்பினார். "தம்பி, நீங்க பொங்கலுக்கு வந்து நம்ம திருவிழாவ லைவ் போடணும். வெளிநாட்டுல இருக்கவியளும் பாக்கணும்ல?"

முடியாது என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். திறந்தேன் என்றுதான் நினைக்கிறேன். அதற்குள் அவன், "ஒத்துக்கோ மாப்ள, நல்ல ஊரு" என்றான். குரலில் குத்தல் எதுவும் இல்லை. நான் தலையை ஆட்டினேன்.

அன்றைக்குச் சாப்பிடும்போது மனைவி கேட்டாள். "நீங்க வெட்டுனதச் சொன்னீகளா?"

"சொன்னேன்."

"அவிய என்ன சொன்னாக?"

"அடுத்த வருசம் பாப்போம்னாக."

அவள் எனக்குக் குழம்பு ஊற்றிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். மன்னிப்பு வீடியோ என் சேனலில் அதுவரை எதுவும் ஓடாத ஓட்டம் ஓடியது. அதைப் பார்த்த சில பேர், குற்றம் இருந்ததால்தானே மன்னிப்புக் கேட்கிறான் என்று எழுதியிருந்தார்கள்.

பங்குனிப் பொங்கலன்றைக்குக் கான்சாபுரம் போனேன். சாயங்காலம் முளைப்பாரியைச் சுற்றிப் பெண்கள் கும்மி கொட்ட, ஒரு பாட்டி மைக் முன்னால் பாடிக்கொண்டிருந்தாள். போனை ஸ்டாண்டில் மாட்டி நேரலை விட்டிருந்தேன். இன்னொரு போனில் அவனிடமிருந்து செய்தி வந்தது. வீட்டில் அத்தாவுக்குக் காட்டுவதற்காகப் பார்த்துக்கொண்டிருக்கிறான் போல.

'மாப்ள, மைக்ல இரைச்சல் கேக்குது. எர்த் சரியில்லன்னு நெனைக்கேன். மைக்கத் தொட்டா ஷாக் அடிச்சிரும். வயசானவிய நிக்காக. ஒடனே போய் ஆஃப் பண்ணச் சொல்லு.'

ஓடினேன். புது செட்டுக்காரனிடம் சொன்னேன். அவன் சோதித்துப் பார்த்துவிட்டு, வெளிறிப் போய் வயரைப் பிடுங்கினான். எர்த் கம்பி அறுந்து கிடந்தது. அந்தப் பாட்டி கை மைக்குக்கு ஒரு சாண் தூரத்தில் இருந்தது. சரி செய்யப் பத்து நிமிஷம் ஆனது. கூட்டம் கூடிவிட்டது, தலைவர் பதறிக்கொண்டு வந்தார்.

"ஒங்களுக்கு எப்படித் தம்பி தெரிஞ்சுச்சு?"

எல்லாரும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவன் பேரைச் சொல்லியிருந்தால் அந்த இடத்திலேயே எல்லாம் முடிந்திருக்கும். அடுத்த வருஷம் வரை அவன் காத்திருக்க வேண்டியிருந்திருக்காது. அவன் ஏன் பார்த்துக்கொண்டிருந்தான், உன்னிடம் ஏன் சொன்னான் என்று ஒரு கேள்வி வரும், அதிலிருந்து இன்னொரு கேள்வி வரும், கடைசியில் பதினோரு விநாடியில் வந்து நிற்கும் என்று எனக்குத் தோன்றியது.

"சத்தத்துல தெரிஞ்சுச்சுங்கய்யா" என்றேன்.

தலைவர் மைக்கை வாங்கி என் சேனல் பேரைச் சொல்லி நன்றி சொன்னார். தோளில் துண்டு போர்த்தினார். பெண்கள் குலவை போட்டார்கள். நான் நாலா பக்கமும் திரும்பிக் கும்பிட்டேன். ஸ்டாண்டில் நேரலை ஓடிக்கொண்டுதான் இருந்தது.